60,000 ரூபாய், ஒரு வாகன் ஆர்: நாதஸ்வரமும் தவிலும் நன்றாகக் கேட்க எதை வாங்குவது, எதை விடுவது?

இணுவில்_வலந்தலை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானில் இருந்து வந்த சுசுகி வாகன் ஆர் எஃப்எக்ஸ். லீசிங் இன்னும் முடியவில்லை. சவுண்ட் வேலைக்கு ஒதுக்கக்கூடியது 60,000 ரூபாய்தான். அதற்கு மேல் போக வழியில்லை.

காரோடு வந்த பிளேயர் ஜப்பானிய எழுத்தில் எதையோ கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறது. எஃப்எம் 90க்கு மேல் போகாது. சூரியன், சக்தி எதுவும் பிடிக்க முடியாது. முன்கதவுகளில் மட்டும் இரண்டு ஸ்பீக்கர், அதிலும் சத்தம் மெலிந்து கிடக்கிறது.

நான் கேட்பது பெரும்பாலும் நாதஸ்வரமும் தவிலும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகள், திருவிழாக்களில் பதிந்த மேளக்கச்சேரிகள், பிறகு பழைய பாட்டுகள், செய்தி. வேலை விஷயமாக ஏ9 வீதியில் வவுனியா வரை அடிக்கடி போய்வருவதால் காருக்குள் இருக்கும் நேரம் அதிகம்.

நகரில் ஒரு கடையில் கேட்டேன். 9 இஞ்சி அண்ட்ரோய்ட் பிளேயர், நாலு ஸ்பீக்கர், 12 இஞ்சி சப் பெட்டி (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), ஒலியைப் பெருக்கும் "500 வாட்" அம்ப், எல்லாம் சேர்த்து இந்தக் காசுக்குள் செய்து தரலாம் என்றார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் டிக்கியில் பிள்ளைகளின் சாமான்களும் அரிசி மூட்டையும் ஏற்ற வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பருத்தித்துறை_ஒலி எழுதியது:

தம்பி, அந்தப் பொதியை எடுக்க வேண்டாம். 60,000 ரூபாயை ஆறு சாமானுக்குப் பிரித்தால் ஆறும் மட்டமாகத்தான் வரும். இரண்டு சாமானுக்கும் ஒழுங்கான வேலைக்கும் கொடுத்தால் அந்த இரண்டும் காலத்துக்கும் நிற்கும்.

முதலில் வாட் கணக்கு. இயந்திரம் ஓடும்போது காரில் கிடைப்பது 14.4 வோல்ட் வரைதான். பிளேயருக்குள் இருக்கிற அம்ப் சிப் அந்த 14.4 வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய உச்சம், காகிதக் கணக்கில், 26 வாட். கரகரப்பு இல்லாமல் என்றால் 18, 20 வாட். பெட்டியில் "4×50" என்றோ "4×60" என்றோ அடித்திருப்பது ஒரு கண நேரம் எட்டும் உச்சி. பெயர் உள்ள கொம்பனிகளும் அந்த எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் கையேட்டுக்குள் ஆர்எம்எஸ் என்று உண்மையான எண்ணையும் எழுதுவார்கள். பயனியர் கையேடுகளில் 22 வாட் என்று பார்க்கலாம்.

அடுத்தது அந்த 500 வாட் அம்ப். கடையில் அதைத் திருப்பிப் பிடித்து, அதில் செருகியிருக்கும் பியூஸ் எத்தனை அம்பியர் என்று பாரும். 15 அம்பியர் பியூஸ் என்றால் உள்ளே போகக்கூடியதே 15×14, அதாவது 210 வாட். அதில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். உள்ளே 210 போனால் வெளியே 500 வர முடியாது. உண்மையில் 500 வாட் தரும் அம்ப், நல்ல திறன் உள்ள டி வகுப்பாக இருந்தாலும், 45 அம்பியர் அளவு இழுக்கும். பியூஸ் எண்ணைப் பார்த்தால் எந்தக் கடைக்காரரிடமும் ஏமாற வேண்டியதில்லை.

வாட்டைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரின் உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கர் அதே சத்தத்துக்குப் பாதி வாட்டே கேட்கும். 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் தேவைப்படும் இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதும். அதாவது சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தால் தனி அம்ப் வாங்கும் காசு கையில் மிஞ்சும்.

என் யோசனை இதுதான்: நல்ல பிளேயர் ஒன்று, முன்கதவுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி, மிச்சக் காசு கதவுக்குள். பின் ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம். கச்சேரியை முன்னால் இருந்துதானே கேட்கிறோம். பின்னால் இருந்து நாதஸ்வரம் வந்தால் மேடை கலைந்துவிடும்.

கோண்டாவில்_பொடியன் எழுதியது:

ஒலி அண்ணை சொல்வதில் வாட் கணக்கு சரி. ஆனால் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதவு ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதால் இறங்க முடியாது. ஏ9இல் 70, 80இல் போகும்போது காருக்குள் வரும் ரயர் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த பகுதியில்தான். பேஸ் முழுவதையும் அது மூடிவிடும். அதனால் முதலில் சப் ஒன்று போட்டால்தான் ஓடும் காரில் பாட்டு நிறைவாகக் கேட்கும். நிற்கும் காரில் கேட்பது வேறு, ஓடும் காரில் கேட்பது வேறு.

பிறகு தவில் என்கிறீர்கள். தொப்பி எனும் இடப் பக்கத்து அடி நெஞ்சில் விழ வேண்டாமா? டிக்கி தேவை என்றால் சீட்டுக்குக் கீழே வைக்கிற அம்ப் உள்ள சின்ன சப் இருக்கிறது. இரண்டாம் கையில் எடுத்தால் 60,000க்குள் அடக்கலாம்.

சுன்னாகம்_கராஜ் எழுதியது:

சீட்டுக்குக் கீழே சப் என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். இது எல்லா வாகன் ஆர்காரர்களுக்கும். எனேசார்ஜ் (வேகம் குறையும்போது மின்சாரத்தைச் சேமிக்கும் முறை) உள்ள ஜப்பான் வாகன் ஆரில் முன் பயணி சீட்டுக்குக் கீழேதான் லித்தியம் பற்றரி இருக்கிறது. அங்கே இடமும் இல்லை, அதற்குப் பக்கத்தில் துளை போடவோ திருகாணி இறக்கவோ கூடாது. சாரதி சீட்டுக்குக் கீழே என்றால் முதலில் சீட்டை முழுதாக முன்னும் பின்னும் தள்ளி, உயரத்தை அளந்துவிட்டுத்தான் சாமான் வாங்க வேண்டும். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்ற பேச்சை நம்பி வாங்கி வந்து, சீட் நகராமல் நிற்கிற கார்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக் கூடாது. அது 12 வோல்ட் அல்ல, உயிரை எடுக்கிற மின்னழுத்தம்.

இணுவில்_வலந்தலை எழுதியது:

என்னுடையதும் எனேசார்ஜ்தான். நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அண்ணை.

ஒலி ஐயா, பொடியன் சொல்லும் தொப்பி விஷயம் எனக்கும் மனதில் நிற்கிறது. வலப் பக்கமான வலந்தலையின் கணீர் ஒலியும் தொப்பியின் கும்காரமும் சேர்ந்தால்தான் தவில். தொப்பி இல்லாவிட்டால் பாதி வாத்தியம். சப் இல்லாமல் அது வருமா?

பருத்தித்துறை_ஒலி எழுதியது:

வரும். தொப்பியின் அடி சினிமாப் பாட்டில் கணினி போடுகிற பேஸ் அல்ல. அவ்வளவு ஆழத்துக்கு அது போகாது. ஒழுங்காகப் பூட்டிய 6.5 இஞ்சி ஸ்பீக்கர் எட்டக்கூடிய இடத்தில்தான் அதன் உடல் இருக்கிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாரும். தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தவர். அவருடைய பதிவுகள் பெரும்பாலும் அந்தக் காலத்து நாடாவில் ஒற்றை ஒலியாகப் பதிந்தவை. அந்தப் பதிவில் 40, 50 ஹேர்ட்ஸில் இருப்பது பெரும்பாலும் நாடா ஓடிய உறுமல். 12 இஞ்சி சப் போட்டால் தவிலைவிட அந்த உறுமல்தான் பெரிதாகக் கேட்கும்.

அந்தப் பதிவுகளின் உயிர் நடுப்பகுதியில் இருக்கிறது. விரல் கூடு வலந்தலையில் விழும் அந்த வெட்டு, நாதஸ்வரத்தின் சீவாளி அதிர்வு, இரண்டு வாத்தியமும் சேரும் இடம். மட்டமான ட்வீட்டர் (மேலோசைக்கான சின்ன ஸ்பீக்கர்) அந்த இடத்தில்தான் காதைக் கிழிக்கும். நாதஸ்வரம் மென்மையான வாத்தியமல்ல, மேலோசை நிறைய உள்ளது. அம்ப் சிறிது திணறினாலும் அது கத்தலாக மாறிவிடும். நீர் கேட்கிற சங்கீதத்துக்கு முதல் காசு முன் ஸ்பீக்கருக்குத்தான் போக வேண்டும்.

பொடியன் சொன்ன ரயர் இரைச்சல் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முதல் மருந்து கதவு வேலை. அதைப் பற்றி என்னைவிட அச்சுவேலித் தங்கச்சி நன்றாகச் சொல்வார்.

அச்சுவேலி_அக்கா எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி அண்ணை. நான் எங்கள் ஆல்ட்டோவின் கதவுகளை வீட்டு முற்றத்தில் வைத்து நானே செய்தேன். எந்தப் பெரிய கருவியும் தேவைப்படவில்லை.

ஸ்பீக்கரின் முன்பக்கத்தில் இருந்து சத்தம் வருவது போலவே பின்பக்கத்தில் இருந்தும் வருகிறது, ஆனால் நேர் எதிராக. முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். கார்க் கதவின் உள் தகட்டில் கை நுழைகிற அளவு ஓட்டைகள் இருக்கின்றன, அதற்கு மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் மட்டும். அந்த ஓட்டைகள் வழியாக வந்து கலப்பதால்தான் புது ஸ்பீக்கர் போட்டும் "பேஸ் இல்லை" என்று சொல்கிறார்கள். ஓட்டைகளை மூடினால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் போல் பேசும். காசு கொடுத்து வாங்கும் எந்தச் சாமானும் இந்த அளவு மாற்றம் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

செய்யும் முறை: கதவு அட்டையைக் கழற்றுங்கள். பிளாஸ்ரிக் கிளிப்புகள் சில உடையும், முன்கூட்டியே நாலைந்து புதிதாக வாங்கி வையுங்கள். வெளித்தகட்டின் உட்புறத்தைத் துடைத்து எண்ணெயும் தூசும் போக்கி, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டில் ஷீட்டைத் தகட்டின் நடுவில் ஒட்டுங்கள். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை, காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு போதும். தகரம் அதிர்வதை நிறுத்துவதுதான் அதன் வேலை. உருளையால் நன்றாக அழுத்த வேண்டும். நம்மூர் வெயிலில் கதவைச் சிறிது நேரம் திறந்து வைத்தாலே தகடு சூடாகி ஷீட் நன்றாகப் பிடிக்கும். பிறகு உள் தகட்டின் பெரிய ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகடோ பிளாஸ்ரிக் தகடோ வைத்து, அதற்கு மேல் பியூட்டில் ஒட்டி மூடுங்கள். கண்ணாடி ஏற்றும் கம்பிகள் எங்கேயும் உரசக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை. கூரைக்கு ஒட்டுகிற தார் நாடாவை மலிவு என்று வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் அது உருகி வழியும், காருக்குள் தார் மணம் ஏறி இறங்கவே இறங்காது. மற்றது, கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கி அந்தத் துளைகளால்தான் வெளியே போகிறது. அவற்றை மூடினால் கார்த்திகை மார்கழி மழையில் கதவு தொட்டியாகி, உள்ளிருந்து துருப்பிடித்துவிடும்.

கோண்டாவில்_பொடியன் எழுதியது:

அக்கா, இதற்கு எத்தனை ஷீட் வாங்க வேண்டும்? எனக்கும் செய்ய ஆசை வந்துவிட்டது.

அச்சுவேலி_அக்கா எழுதியது:

முன்கதவு இரண்டுக்கும் சேர்த்து ஒரு சதுர மீற்றரை ஒட்டி இருந்தால் தாராளம். 2 மில்லிமீற்றர் தடிப்பு உள்ளதாகப் பாருங்கள். கடையில் ஒரு மூலையைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள், இழுபட்டு நீண்டால் பியூட்டில், உதிர்ந்து முறிந்தால் தார்.

மானிப்பாய்_மின்னல் எழுதியது:

நான் வயர் பக்கம் வருகிறேன், ஏனென்றால் காசைக் குறைக்க எல்லோரும் கை வைக்கும் இடம் இது.

அம்ப் போடாத திட்டம் என்றால் கதவுக்குப் புது வயர் இழுக்க வேண்டியதே இல்லை. 20 வாட்டுக்குக் காரோடு வந்த வயர் போதும். 20 கேஜ் வயரில் மூன்று மீற்றர் போய்வந்தாலும் 0.2 ஓம்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது அரை டெசிபலுக்கும் குறைந்த இழப்பு, காதுக்குத் தெரியாது. "வயர் மாற்றினால்தான் சவுண்ட்" என்று யாராவது சொன்னால் அந்தக் காசைப் பியூட்டிலுக்குக் கொடுங்கள்.

ஆனால் காரின் பிளக்கை வெட்ட விடாதீர்கள். சுசுகிக்கென்று 20 பின் மாற்றுப் பிளக் கிடைக்கிறது. ஒரு பக்கம் காரோடும் மறுபக்கம் பிளேயரோடும் பொருந்தும். நாளைக்குக் கார் விற்றால் பழைய பிளேயரைத் திருப்பிச் செருகிவிடலாம். வயரை முறுக்கி ரேப் சுற்றி விடுகிற வேலை வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். ஒன்றோடொன்று தொட்டால் பிளேயரின் சிப் போய்விடும். ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும்.

பிறகு ஒரு நாள் அம்ப் போடுவதாக இருந்தால் இதை மனதில் வைத்திருங்கள். பற்றரியில் இருந்து வரும் வயரில் பியூஸ் கட்டாயம், அதுவும் பற்றரியில் இருந்து ஒரு முழத்துக்குள். அது அம்பைக் காக்க இல்லை. வயர் எங்கேயாவது தகரத்தில் உரசி உரிந்தால் தீப்பிடிக்காமல் காக்க. ஒரு கடையில் பியூஸ் இல்லாமலே இழுத்துக் கொடுத்த காரைப் பார்த்திருக்கிறேன். பயணம் முழுக்கக் காலுக்குக் கீழே நெருப்பை வைத்துக்கொண்டு போவதற்குச் சமம். கடையில் விற்கும் தடித்த "4 கேஜ்" வயர் பலவும் வெளியே செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவே மின்சாரம் கடத்தும். வாங்கத்தான் வேண்டும் என்றால் கணக்கில் வருவதைவிட ஒரு அளவு தடிப்பாக வாங்குங்கள்.

அண்ட்ரோய்ட் பிளேயர் பற்றி ஒரு வார்த்தை. கார் நிற்கும்போதும் சில மலிவான பிளேயர்கள் பற்றரியை உறிஞ்சும். பூட்டிய பிறகு சாவியை எடுத்து, கார் முழுவதும் அடங்கிய பிறகு மல்டிமீற்றரைத் தொடரில் வைத்துப் பாருங்கள். 50 மில்லி அம்பியருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வாகன் ஆர் போன்ற, நிற்கும்போது இயந்திரம் தானாக அணையும் ஐடிலிங் ஸ்டொப் கார்களின் பற்றரி மலிவானதல்ல.

தீவகத்தான் எழுதியது:

எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் உப்புக் காற்று. ஏர்த் பூட்டும் இடத்தில் பெயின்ரைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டி, அதற்கு மேல் கிரீஸ் பூச வேண்டும். பூசாவிட்டால் பச்சை பூத்து, எங்கே இரைச்சல் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டி வரும். ஸ்பீக்கரைக் கதவில் பூட்டுவதற்கான வளையம் வெட்டும்போது எம்டிஎஃப் பலகையில் வெட்டாதீர்கள். கதவுக்குள் ஈரம் பட்டு ஊதிப் போகும். சமையலறையில் காய் வெட்டுகிற தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகை இருக்கிறதே, அதில் வெட்டினால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. விலையும் குறைவு.

இரண்டாம் கைச் சாமான் பற்றிப் பொடியன் சொன்னார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் கார்களில் இருந்து கழற்றிய நல்ல ஸ்பீக்கர்களும் அம்ப்களும் கிடைப்பது உண்மை. போகிற உறவினர் யாராவது இருந்தால் சொல்லிவிடலாம். ஸ்பீக்கரைக் கையில் எடுத்தால் கோனை நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசல் சத்தம் கேட்டால் சுருள் கருகியோ விலகியோ இருக்கிறது, வேண்டாம். ஓரத்து ஃபோம் நகம் பட்டால் உதிர்ந்தால் அதுவும் வேண்டாம், ரப்பர் ஓரம் உள்ளதே இந்த வெக்கைக்குத் தாங்கும். மல்டிமீற்றரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்ட வேண்டும்.

ஆனால் ஜப்பானில் இருந்து கழற்றிய பிளேயர் வேண்டாம். அதே 76 முதல் 90 வரையான எஃப்எம் பிரச்சினையை வேறொரு பெட்டியில் வாங்கியதாகப் போகும். அன்ரனா வழியில் பூட்டும் பாண்ட் மாற்றி இருக்கிறதுதான். ஆனால் அலைவரிசை எண் பொய்யாகக் காட்டும், இரைச்சலும் கூடும்.

இந்த இழையைப் படிக்கும்போது 90களின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் சேர்ந்து களைக்கும். அப்படிக் கேட்டும் ஒரு சொல்லையும் தவறவிட்டதில்லை. இன்றைக்கு 20 வாட்டை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது பெரிய வசதி என்று உறுதியாகச் சொல்வேன்.

இணுவில்_வலந்தலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கதவைக் கழற்றி, கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு அளந்து பார்த்தேன். வளையம் வைத்தால் 6.5 இஞ்சி ஸ்பீக்கருக்கு ஆழம் போதும், காந்தம் கண்ணாடியில் முட்டாது. காரோடு வந்த ஸ்பீக்கரின் காந்தம் என் கட்டைவிரல் நகம் அளவுதான். சத்தம் ஏன் மெலிந்திருந்தது என்று விளங்கியது.

இரண்டு கேள்வி. ஒன்று, ட்வீட்டர் நடுவிலேயே உள்ள கோஎக்சியலா, ட்வீட்டர் தனியாக வரும் கொம்போனன்டா? மற்றது, பிளேயர். படம் பார்க்கும் திரை எனக்குத் தேவையில்லை, கைப்பேசியில் வரைபடம் பார்த்துக்கொள்வேன்.

பருத்தித்துறை_ஒலி எழுதியது:

திரை தேவையில்லை என்று சொன்னதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பயனியர், கென்வுட், சோனி போன்றவற்றின் சிடி இல்லாத ஒற்றை டின் (பாதி உயர அளவு) பிளேயர் ஒன்று எடும். புளூடூத், யுஎஸ்பி இருக்கும். அதைவிட முக்கியமாக, தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் வடிகட்டியும் பல பட்டை ஈக்குவலைசரும் இருக்கும். பின்னால் அம்புக்கு இணைக்கும் ஆர்சிஏ வெளியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கும். பொடியனின் ஆசைப்படி பிறகு சப் பூட்ட அது வேண்டும். வாகன் ஆரின் இடம் இரட்டை டின், மிச்சப் பாதியில் கைப்பேசி வைக்கிற பெட்டி ஒன்று பொருந்தும்.

ஸ்பீக்கர்: கொம்போனன்ட். கதவின் அடியில் இருக்கிற 6.5 இஞ்சி கோன் 2,000, 2,500 ஹேர்ட்ஸுக்கு மேல் போனால் சத்தத்தை நேராக முன்னால் மட்டும் அனுப்பும். அங்கே இருப்பது உமது முழங்கால். நாதஸ்வரத்தின் மேலோசை முழுக்க முழங்காலுக்குப் போகும். ட்வீட்டரைக் கண்ணாடி மூலையில் வைத்தால் கச்சேரி டாஷ்போட் உயரத்துக்கு எழும்பும். பட்டுத்துணி போன்ற மென்மையான டோம் உள்ள ட்வீட்டராகப் பாரும். உலோக டோம் நாதஸ்வரத்தோடு ஒத்துவராது என்பது என் காதின் முடிவு. உணர்திறன் 90 டெசிபலுக்குக் குறையக் கூடாது.

காசை நான் இப்படிப் பிரிப்பேன்: பிளேயருக்கு 22,000, ஸ்பீக்கருக்கு 20,000, பியூட்டிலும் மற்றக் கதவுச் சாமானும் 8,000, பிளக், வளையம், கிளிப், சில்லறை எல்லாம் 4,000, பிளேயர் பூட்டுகிற கூலிக்கு 3,000. மிச்சம் 3,000 கையில் இருக்கட்டும். கதவு வேலையை நீரே செய்தால் கூலி இல்லை. கடைக்குக் கடை விலை மாறும். பிளேயரில் மிச்சம் பிடித்தால் ஸ்பீக்கருக்குக் கொடும், ஸ்பீக்கரில் பிடித்துப் பிளேயருக்குக் கொடுக்காதீர்.

கோண்டாவில்_பொடியன் எழுதியது:

சரி, இணுவில் அண்ணையின் சங்கீதத்துக்கு இது பொருந்தும். என்னுடைய பாட்டுகளுக்கு எனக்குச் சப் வேண்டும், அதில் மாற்றமில்லை. அண்ணை பிறகு சப் போடுவதென்றால் மூடிய பெட்டி செய்யுங்கள். ஓட்டை வைத்த பெட்டி சத்தம் கூடத் தரும், ஆனால் அளவு பிசகினால் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் உறுமும். மூடிய பெட்டியில் 10 இஞ்சிக்கு 20 லீற்றர் அளவு போதும், டிக்கியின் ஒரு மூலையில் அடங்கும். 18 மில்லிமீற்றர் பிளைவுட்டில் நல்ல தச்சு ஆசாரி ஒருவரிடம் கொடுத்தால் காற்றுப் போகாமல் அடித்துத் தருவார்.

இணுவில்_வலந்தலை எழுதியது:

வேலை முடிந்தது. பட்ஜெட்டுக்குள் அடங்கியது. கதவுகளை நானும் மச்சானும் செய்தோம், அக்கா சொன்ன ஒழுங்கில். இப்போது கதவை அடித்துச் சாத்தினாலே சத்தம் வேறு. பளை தாண்டி ஆனையிறவு வெளியில் போகும்போது, காற்று இரைச்சலுக்கு நடுவிலும் தொப்பியின் அடி தெளிவாகக் கேட்டது. மனம் நிறைந்துவிட்டது.

மூன்று குறை. சத்தத்தைக் கூட்டினால் இடது கதவில் ஒரு நடுக்கம். நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் சிறிது குத்துகிறது. மற்றது, இரண்டு ஸ்பீக்கரும் சேரும்போது நடுவில் பேஸ் காணாமல் போவது போல ஒரு உணர்வு. பலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் திரும்ப வருகிறது.

மானிப்பாய்_மின்னல் எழுதியது:

மூன்றாவது குறைக்குக் காரணம் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. பிளேயரில் இருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, சின்ன 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். இரண்டு கதவிலும் பார்த்து, உள்ளே போவதை மாற்றுங்கள்.

அச்சுவேலி_அக்கா எழுதியது:

நடுக்கம் பெரும்பாலும் பூட்டுக் கம்பி, இல்லாவிட்டால் கதவு அட்டையின் கிளிப். பாட்டை ஓடவிட்டு அட்டையைக் கையால் இடம் இடமாக அழுத்திக்கொண்டே வாருங்கள், நடுக்கம் நிற்கும் இடம்தான் காரணம். கம்பிக்கு மெல்லிய ஃபோம் சுற்றிவிடுங்கள்.

பருத்தித்துறை_ஒலி எழுதியது:

குத்தலுக்கு: ஹை பாஸை 80இல் வையும், சரிவு 12 டெசிபல். கதவு ஸ்பீக்கர் தன்னால் முடியாத ஆழத்துக்குப் போய்த் திணறாமல் இருக்கும், நடுப்பகுதியும் தெளியும். அதில் தொப்பி மெலிந்தால் 63க்கு இறக்கும். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடும். பிறகு ஈக்குவலைசரில் 2,500க்கும் 4,000க்கும் கிட்ட உள்ள பட்டைகளை இரண்டு டெசிபல் குறையும். எதையும் கூட்ட வேண்டாம். கூட்டினால் அந்த 20 வாட் சீக்கிரம் தீர்ந்து கரகரக்கும். ட்வீட்டரோடு வந்த சின்ன வடிகட்டிப் பெட்டியில் மைனஸ் 3 என்று ஒரு தெரிவு இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாரும்.

இன்னொன்று, பதிவுகள் எங்கிருந்து? வட்ஸ்அப்பில் கைமாறி வந்தவை என்றால் அவற்றின் மேலோசை ஏற்கெனவே நசுங்கிப் போயிருக்கலாம், அப்படியென்றால் எந்த ட்வீட்டரிலும் குத்தும். மூலக் கோப்பை வைத்திருப்பவரிடம் பென்ட்ரைவில் நேரடியாக வாங்கி, யுஎஸ்பியில் போட்டுக் கேளும்.

இணுவில்_வலந்தலை எழுதியது:

பிளஸ் மைனஸ் விஷயம் சரிதான், இடது பக்கம் மாறியிருந்தது. மாற்றியதும் பேஸ் நடுவுக்கு வந்துவிட்டது. மைனஸ் 3 தெரிவும் பெட்டியில் இருந்தது, போட்டிருக்கிறேன். கோப்புகள் வட்ஸ்அப்பில் வந்தவையேதான். மூலப் பதிவு சித்தப்பா வீட்டுக் கணினியில் இருக்கிறது. ஞாயிறு போய் எடுத்துவருகிறேன். யாருக்காவது அந்த மேளக்கச்சேரிப் பதிவுகள் வேண்டும் என்றால் பென்ட்ரைவோடு வாருங்கள்.

தீவகத்தான் எழுதியது:

எனக்கு வேண்டும். அடுத்த கிழமை சுன்னாகம் சந்தைக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.